ஒரு இழுப்புல நாலு வேலை: முதல் தடவை புரோகிரஸிவ் பிரெஸ் வாங்குறவங்களுக்கு

எங்க அக்கா பையன் போன வருஷம் ஐ.பி.எஸ்.சி.ங்கற துப்பாக்கி சுடுற போட்டிக்கான கிளப்புல சேர்ந்தான், மாசத்துக்கு அறுநூறு எழுநூறு தோட்டா போகுது, கடையில வாங்கி வாங்கி சம்பளம் அதுலயே கரையுது. ஒரு சனிக்கிழமை தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல எங்க வீட்டு கராஜுக்கு வந்து "மாமா, எனக்கும் ஒரு புரோகிரஸிவ் வாங்கணும், எது வேகமா போகும்"னு கேட்டான். சுட்ட கூட்ட திரும்ப நிரப்பி தோட்டாவாக்குற மெஷின்ல ஒரு வகைதான் புரோகிரஸிவ் பிரெஸ். அவனுக்கு அன்னிக்கு சொன்னது, அப்புறம் பல சனிக்கிழமை பக்கத்துல நின்னு காட்டினது எல்லாத்தையும் இங்க எழுதுறேன். டர்பன், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் நம்ம ஆளுங்க இப்ப நிறைய பேர் இந்த விளையாட்டுக்கு வர்றாங்க, ஆனா இதப் பத்தி தமிழ்ல யாரும் உக்காந்து சொல்லித் தந்த மாதிரி தெரியல.

அவன் கேட்ட கேள்வியிலயே ஒரு தப்பு இருக்கு, எது வேகம்னு கேட்டான். புரோகிரஸிவ் எல்லாமே வேகம்தான். நீங்க சரியா பண்ணினா சரியானத வேகமா பண்ணும், தப்பா பண்ணினா தப்பானதையும் அதே வேகத்துல பண்ணி டப்பாவ நிரப்பி வச்சிரும். எந்த மெஷின்ல என் கண்ணு வெடிமருந்து மேலயே இருக்கும்னுதான் கேட்டிருக்கணும்.

சுத்தமா ஒண்ணும் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் பின்னாடி போறேன். ஒரு தோட்டாவுல நாலு சாமான். பித்தளைக் கூடு, அதோட அடியில சின்ன பொட்டு மாதிரி பிரைமர், உள்ள மருந்து, வாயில குண்டு. சுட்டா பிரைமர் வெடிச்சு மருந்து எரிஞ்சு குண்டு போயிரும், கூடு வெளிய விழும். அந்த கூடுதான் நாலுல விலை ஜாஸ்தியானது, அதத்தான் பொறுக்கி எடுத்துட்டு வந்து திரும்ப திரும்ப நிரப்புறோம், அதுக்குப் பேர்தான் ரீலோடிங். சுட்டப்ப கூடு கொஞ்சம் உப்பியிருக்கும், அத பழைய அளவுக்கு அமுக்கணும், செத்த பிரைமர வெளிய தள்ளணும், புது பிரைமர் வைக்கணும், வாய லேசா விரிச்சு மருந்து போடணும், குண்ட வச்சு சரியான ஆழத்துக்கு அழுத்தணும், விரிச்ச வாய திரும்ப மூடணும், இத கிரிம்ப்ம்பாங்க. இவ்வளவுதான் வேலை.

சிங்கிள் ஸ்டேஜ் பிரெஸ்ல ஒரு நேரத்துல ஒரு டை, அதாவது கூட்ட அமுக்கவோ விரிக்கவோ செய்யிற அச்சு, ஒண்ணுதான் இருக்கும். நூறு கூட்டையும் அமுக்கி முடிச்சு, டை மாத்தி, நூறுக்கும் வாய விரிச்சு, திரும்ப டை மாத்தி, இப்படியே போகும். முறுக்கு பிழியிற அச்சு மாதிரி, ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது. புரோகிரஸிவ்ல என்னன்னா எல்லா டையும் மேல வரிசையா நிக்கும், கீழ ஷெல் பிளேட்னு ஒரு வட்டத் தட்டு, அதுல நாலு அஞ்சு கூடு ஒரே நேரத்துல நிக்கும், நீங்க ஹேண்டில ஒரு தடவ இழுத்தா ஒவ்வொரு கூட்டுக்கும் அதது நிக்கிற இடத்து வேலை நடக்கும், தட்டு ஒரு இடம் சுத்தும், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழு தோட்டா வெளிய வந்து விழும்.

மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்துறப்ப வரிசையில போவோம்ல, தட்டோட நாம நகர்ந்துக்கிட்டே இருப்போம், முதல் அக்கா கூழ் ஊத்துவாங்க, அடுத்த அக்கா பருப்பு, அடுத்தவங்க ஊறுகாய். அவங்க நின்ன இடத்துலயே நிப்பாங்க, நாமதான் நகரணும். நகராம அங்கயே நின்னா அதே அக்கா மறுபடி கூழ் ஊத்திருவாங்க. இங்க அதுக்குப் பேர் டபுள் சார்ஜ், ஒரே கூட்டுக்கு ரெண்டு தடவ மருந்து. நடுவுல யாரோ வரிசைய தாண்டிப் போயிட்டா கூழே இல்லாம தட்டு வெறுமையா போகும், அதுக்குப் பேர் ஸ்குவிப். இந்த ரெண்டு வியாதி வராம பாத்துக்கிறதுதான் இதுல பாதி படிப்பு.

இது எவ்வளவு சின்ன அளவுன்னு புரிஞ்சாதான் பயமும் ஒழுங்கா வரும். மருந்த கிரெயின் கணக்குலதான் நிறுப்பாங்க, ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். பாட்டி காலத்துல தங்கம் நிறுக்குற குன்றிமணி இருக்குல்ல, ஒரு மணி ஏறக்குறைய 2 கிரெயின் வரும். ஒரு 9 எம்.எம். தோட்டாவுக்குள்ள போற மருந்து ரெண்டு மூணு குன்றிமணி எடைதான். அந்த கொஞ்சூண்டு மருந்து எரியிறப்ப உள்ள 35,000 பி.எஸ்.ஐ. வரைக்கும் அழுத்தம் போகலாம்னு 9 எம்.எம்.க்கு அமெரிக்க அளவுகோல்ல மேல் வரம்பு வச்சிருக்காங்க. இதுல ரெண்டு மடங்கு மருந்து விழுந்தா என்னாகும்னு நீங்களே பாத்துக்கங்க, உங்க கை அந்த துப்பாக்கியச் சுத்தித்தான் இருக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி சட்டத்தப் பத்தி ரெண்டு வார்த்தை. தென்னாப்பிரிக்காவுல 2000ம் வருஷத்து 60ம் நம்பர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் கணக்கு. உங்க பேர்ல லைசென்ஸ் இருக்கிற துப்பாக்கிக்கு, உங்க சொந்த உபயோகத்துக்குத்தான் இந்த வேலை, மச்சானுக்கு ஒரு டப்பா, ஃப்ரெண்டுக்கு வித்து கொஞ்சம் காசுன்னு ஆரம்பிச்சிராதீங்க. சாதாரண லைசென்ஸ்காரங்க ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா, 2,400 பிரைமருக்கு மேல வச்சிருக்கக் கூடாது. டெடிகேட்டட் அந்தஸ்து வாங்கின போட்டிக்காரங்க, வேட்டைக்காரங்களுக்கு இந்த வரம்புல தளர்வு உண்டு. மாசம் எழுநூறு சுடுறவன் புரோகிரஸிவ் வாங்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் உக்காந்தா 200ங்கறது முக்கால் மணி நேரத்துல தாண்டிரும், அதனால மெஷினுக்கு முன்னாடி அந்த பேப்பர முடிங்க, எங்க பையனையும் அப்படித்தான் பண்ண வச்சேன். 2021ல வெளிவந்த திருத்த வரைவுல ரீலோடிங்கையே தடை பண்ணணும்னு எழுதியிருந்தாங்க, நாடு முழுக்க ஆளுங்க எதிர்ப்பு எழுதி அனுப்புனாங்க, நானும் எழுதினேன். அதனால இப்ப சட்டம் எங்க நிக்குதுன்னு உங்க கிளப்புல கேட்டு தெரிஞ்சு வச்சுக்கங்க.

சரி, மெஷினுக்கு வருவோம்.

முதல்ல உங்களுக்கு புரோகிரஸிவ் தேவையான்னு பாருங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவ மான் வேட்டைக்குப் போய் .308ல முப்பது நாப்பது சுடுறவங்களுக்கு வேணாம், நான் நேராவே சொல்றேன். ரைஃபிள் கூடு கழுத்து குறுகினது, அமுக்குறதுக்கு முன்னாடி லூப் (வழுக்கல் எண்ணெய்) போடணும், அமுக்கினா நீளும், நீளத்த அளந்து வெட்டணும், இதெல்லாம் ஒவ்வொண்ணா நின்னு பண்ற வேலை, அங்க சிங்கிள் ஸ்டேஜ்தான் ராஜா. மாசம் நூறு நூத்தம்பது பிஸ்டல் தோட்டாதான்னா எல்லா டையையும் ஒரே தலையில மாட்டி ஒவ்வொண்ணா சுத்திக்கிற டர்ரெட் பிரெஸ் ஒண்ணு போதும். மாசம் முன்னூறுக்கு மேல பிஸ்டல்னு போறப்பதான் புரோகிரஸிவ் தன் விலைக்கு வேலை செய்யும். புரோகிரஸிவ் வாங்கினாலும் பழைய சிங்கிள் ஸ்டேஜ வித்துராதீங்க, தப்பா போன குண்ட புடுங்கறதுக்கு, புது அளவ சோதிக்கிறதுக்கு அது ஓரமா இருக்கட்டும்.

அடுத்து, தட்டு எப்படி சுத்துதுங்கறது, இங்கதான் எல்லாரும் வாக்குவாதம் பண்ணுவாங்க. டில்லன் 550ல நாலு ஸ்டேஷன், அதாவது கூடு நிக்கிற இடம், தட்ட நீங்களே கட்டைவிரலால தள்ளி சுத்தணும். அதே கம்பெனியோட 750ல அஞ்சு ஸ்டேஷன், ஹேண்டில் இழுத்தா தானா சுத்தும். ஹார்னடி லாக்-என்-லோட் ஏ.பி.யும் அஞ்சு ஸ்டேஷன், அது தானா சுத்துறத ரெண்டு பாதியா பிரிச்சு, ஹேண்டில் இறங்குறப்ப பாதி ஏறுறப்ப பாதின்னு நகரும், அதனால குலுக்கல் கம்மி. லீ கம்பெனியில சின்ன புரோ 1000ல மூணு ஸ்டேஷன், சிக்ஸ் பேக் புரோவுல ஆறு, விலையும் மத்தவங்கள விட இறக்கம். கையால சுத்துறதுல ஆபத்து என்னன்னா சுத்த மறந்துட்டு திரும்ப இழுத்தா டபுள் சார்ஜ். தானா சுத்துறதுல அந்த மறதி இல்ல, ஆனா நடுவுல ஏதாவது சிக்கி ஹேண்டில பாதியில மேலயும் கீழயும் ஆட்டினீங்கன்னா எந்த கூட்டுக்கு மருந்து விழுந்துச்சு எதுக்கு விழலன்னு கணக்கு போயிரும், அதுவும் புது ஆளுக்கு ரெண்டு கை எங்க இருக்குன்னே தெரியாத வேகத்துல.

என் கருத்து, முதல் மெஷின் கையால சுத்துறதா இருக்கட்டும். ஏன்னா ஒவ்வொரு தடவயும் நீங்க சுத்துனாதான் அடுத்தது நடக்கும், உங்கள கேக்காம மெஷின் எதுவும் பண்ணாது, நிறுத்தி யோசிக்கலாம், ஒரு கூட்ட மட்டும் எடுத்துப் பாத்துட்டு திரும்ப வைக்கலாம். மணிக்கு 400லிருந்து 600 போகும்னு கம்பெனிக்காரங்க சொல்வாங்க, நான் நிதானமா 300தான் போறேன், அதுவே எனக்கு மிச்சம். தானா சுத்துறதுதான் வேணும்னா கண்டிப்பா அஞ்சு ஸ்டேஷன் வாங்குங்க, ஏன்னா மருந்து போட்டதுக்கு அடுத்த இடத்துல பவுடர் செக் டைன்னு ஒண்ணு மாட்டணும், மருந்து மட்டம் ஏறியிருந்தாலோ இறங்கியிருந்தாலோ அது சத்தம் போடும், சில வகை ஹேண்டிலையே பூட்டி நிறுத்திரும். நாலு ஸ்டேஷன்ல அதுக்கு இடம் கிடைக்கிறது கஷ்டம், குண்டு அழுத்துறதையும் கிரிம்ப்பையும் ஒரே டையில சேத்தாதான் உண்டு.

வாங்குறப்ப இன்னும் மூணு விஷயம் கேளுங்க. வேற காலிபருக்கு மாத்தணும்னா என்னென்ன வாங்கணும், ஏன்னா ஷெல் பிளேட், மருந்துக் குழாய்னு தனித்தனியா சேந்து பெரிய பில்லா வந்து நிக்கும். சாதாரண 7/8-14 மரை டை எல்லாம் பொருந்துமா, டில்லன் ஸ்கொயர் டீல்ல மட்டும் அவங்க சொந்த டைதான் போகும், கையில வேற டை வச்சிருக்கவங்க இத தெரியாம வாங்கிட்டு முழிப்பாங்க. அப்புறம் உதிரி பாகம் இங்க யார்கிட்ட கிடைக்கும், கப்பல்ல வர வரைக்கும் ரெண்டு மாசம் மெஷின் சும்மா கிடக்கணுமா. பிஸ்டல் டை வாங்கினா கார்பைட் வளையம் வச்சதா பாத்து வாங்குங்க, லூப் இல்லாமலே கூடு ஏறும்.

மேசையப் பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா மெஷின் விலையில பாதி பலன் மேசையிலதான் இருக்கு. ஆடுற மேசையில பிரைமர் ஒண்ணு ஆழமா ஒண்ணு மேலோட்டமா உக்காரும், தட்டு சுத்துறப்ப மருந்து சிந்தும், மெஷின் மேல இருக்கிற மருந்துப் பெட்டியில மருந்து குலுங்கி குலுங்கி இறுகி எடை மாறும். நான் எங்க அப்பா வச்சிருந்த பழைய தச்சு மேசைய சுவத்துல நாலு போல்ட் போட்டு இறுக்கி அதுமேல மாட்டினேன், ஹேண்டில எவ்வளவு அழுத்தினாலும் மேசை மேல வச்ச டீ கப்புல அலை வராது. டீ கப் சோதனைக்கு மட்டும்தான் அங்க வரும், அது ஏன்னு கீழ சொல்றேன்.

இப்ப எனக்கு நடந்தத சொல்றேன். 2022, ஸ்டேஜ் 6 லோட் ஷெட்டிங், அதாவது முறை வச்சு மின்வெட்டு, ஓடிக்கிட்டு இருந்த நேரம். சாயந்திரம் உக்காந்து போட்டுக்கிட்டு இருக்கேன், ஹேண்டில் பாதி இறங்கினப்ப லைட் போயிருச்சு. போன் டார்ச்ச போட்டு, ஹேண்டில மேல ஏத்தி, தட்ட சுத்தினேனா சுத்தலையான்னு ஒரு நிமிஷம் யோசிச்சு, டபுள் சார்ஜ் ஆயிரக் கூடாதேங்கற பயத்துல ஒரு தடவ சுத்தி விட்டேன், மிச்சத்த கரண்ட் வந்ததும் போட்டு முடிச்சு டப்பாவ மூடிட்டேன். அடுத்த ஞாயிறு ரேஞ்சுல போட்டியோட மூணாவது சுற்று, அஞ்சாறு சுட்டதும் 'டுப்'புனு ஒரு சத்தம், கைக்கு உதையே இல்ல, ஸ்லைட் நகரல. போட்டி வேகத்துல கை பழக்கம் என்ன பண்ணும், அடிச்சு இழுத்து அடுத்தத ஏத்தி சுடத்தான் பாக்கும், என் கையும் ஸ்லைடுக்குப் போயிருச்சு, பின்னாடி நின்ன ரேஞ்ச் ஆபீஸர் தொண்டை கிழிய "ஸ்டாப்"னு கத்தினாரு. துப்பாக்கிய பிரிச்சுப் பாத்தா குண்டு குழல்ல ரெண்டு விரல் உள்ள அடைச்சு நிக்குது. மருந்தே இல்ல, பிரைமர் மட்டும் வெடிச்சு தள்ளியிருக்கு. அடுத்தத சுட்டிருந்தா அந்த அடைப்பு மேல போய் மோதி குழல் உப்பியிருக்கும், இல்ல வெடிச்சிருக்கும். அவரு கத்தலன்னா நான் சுட்டிருப்பேன், இத எழுதுறப்பவும் கை குளுந்துதான் போகுது.

அன்னியிலிருந்து எங்க கராஜுல ஒரே சட்டம். லைட் போனாலும், போன் அடிச்சாலும், வீட்டுக்குள்ளிருந்து யாராச்சும் கூப்பிட்டாலும், எதாவது சிக்கினாலும், தட்டுல இருக்கிற அத்தனை கூட்டையும் எடுத்து கீழ வைக்கணும், மருந்த கொட்டணும், காலி தட்டுலேருந்து ஆரம்பிக்கணும். நாலு கூடுதான், அரை நிமிஷ வேலை. யோசிச்சு ஞாபகப்படுத்துற வேலையே கிடையாது. லைட்டுக்கு பேட்டரி வச்ச ஒரு எல்.இ.டி. பட்டைய டை தலைக்குக் கீழயே ஒட்டிட்டேன், கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் அந்த வெளிச்சம் கூட்டுக்குள்ள நேரா விழும். குண்ட வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் கண்ணு போயே ஆகணும், ஒவ்வொரு கூடு, விதிவிலக்கு இல்ல. அதுக்குத் தோதா இன்னொண்ணு, மருந்து தேர்ந்தெடுக்கிறப்ப கொள்ளளவு பெருசா இருக்கிறதா பாத்து, ஒரு தடவ போட்டாலே கூடு பாதிக்கு மேல நிரம்புற மாதிரி வாங்கினா, ரெண்டாவது தடவ விழுந்தா பொங்கி வழிஞ்சிரும், குருடனுக்கும் தெரியும். கொஞ்சூண்டு போட்டாலே போதும்னு இருக்கிற மருந்து சிக்கனமா தெரியும், கூட்டுக்குள்ள எங்கயோ அடியில கிடக்கும், ரெண்டு மடங்கு விழுந்தாலும் இடம் இருக்கும். புது ஆளுக்கு அந்த சிக்கனம் வேணாம். எவ்வளவு போடணுங்கறத மருந்துக் கம்பெனியோட கையேட்டுலேருந்து மட்டும் எடுங்க, இங்க சோம்செம் மருந்துன்னா சோம்செம் கையேடு, அதுல இருக்கிற கீழ் அளவுல ஆரம்பிங்க, கிளப்புல யாரோ சொன்ன நம்பர வச்சு ஆரம்பிக்காதீங்க, அவங்க துப்பாக்கி வேற உங்க துப்பாக்கி வேற.

முதல் நாள் மெஷின் மாட்டினதும் நாலையும் நிரப்பி ஓட்டாதீங்க. ஒரே ஒரு கூட்ட வச்சு, அது முதல் இடத்துலேருந்து கடைசி வரைக்கும் போய் விழுறத பாருங்க, அப்புறம் அடுத்தது. எங்க பையன் முதல் அம்பதும் அப்படித்தான் போட்டான், முகம் சுருங்கிப் போச்சு, ஆனா எந்த இடத்துல என்ன சத்தம், கைக்கு எவ்வளவு எதிர்ப்பு வருதுன்னு அந்த அம்பதுலதான் பழகும். பிரைமர் உக்காருற உணர்வு இருக்கே, லேசா வழுக்கி, அப்புறம் அடியில போய் நிக்கிறது உள்ளங்கைக்குத் தெரியும். அது தெரியலன்னாலோ, கல்லு மாதிரி முட்டுனாலோ நிறுத்திரணும், பலம் போடக் கூடாது. பட்டாளத்து கூடு சிலதுல பிரைமர் குழிய சுத்தி கிரிம்ப் அடிச்சிருப்பாங்க, அதுல புது பிரைமர் ஏறாது, அமுக்கினா நசுங்கும், வெடிக்கவும் செய்யும். கண்ணாடி போடாம ஹேண்டில தொடவே கூடாது.

ஓடிக்கிட்டிருக்கப்ப அம்பதுக்கு ஒரு தடவ மருந்த நிறுத்துப் பாருங்க, ஒரு தோட்டாவ எடுத்து காலிப்பர்ல நீளம் பாருங்க, அடியில விரல தடவிப் பாருங்க பிரைமர் மேல துருத்திக்கிட்டு இருக்கான்னு. எலக்ட்ரானிக் தராசு ஃபேன் காத்துக்கே ஆடும், நான் கம்பித் தராசுதான் வச்சிருக்கேன், கரண்ட்டும் வேணாம். போட்டிக்காரங்களுக்கு இந்த சோதனை புள்ளிக் கணக்குலயும் வரும். குண்டோட எடைய கிரெயின்ல, வேகத்த நொடிக்கு அடியில எடுத்து பெருக்கி ஆயிரத்தால வகுத்தா பவர் ஃபேக்டர், மைனர்ங்கற கீழ் பிரிவுக்கு 125 வேணும். 124 கிரெயின் குண்டு 1,010 அடி வேகத்துல போனா 125.24, அதுல ஒரு பத்து அடி குறைஞ்சா 124, போட்டியில உங்க மார்க் எதுவும் செல்லாது. மெஷின் மருந்து போடுறது கொஞ்சம் ஆடினாலே இது நடக்கும், அதனால விளிம்புல நிக்காம கொஞ்சம் மேல வச்சுக்குவாங்க.

பராமரிப்புக்கு வருவோம், டர்பன்ல இருக்கிறவங்களுக்கு இதுதான் பெரிய பாடு. ஜோஹன்னஸ்பர்க்ல கடல் காத்து இல்ல, குளிர்காலம் முழுக்க காயுற காத்து, அங்க இருக்கிறவங்க மாசக்கணக்குல துடைக்காம விட்டாலும் மெஷின் பளபளன்னு நிக்கும். இங்க கடல் காத்து, பிப்ரவரியில கராஜ் சுவரே வேர்க்கும், ஒரு வாரம் விட்டா ஷெல் பிளேட் மேல காவி நிறத்துல பொடி பூக்கும். அதனால ஒவ்வொரு தடவ முடிச்சதும் துடைக்கணும், அடுத்த வாரம்னு தள்ளிப் போடக் கூடாது.

அழுக்கு எங்கேருந்து வருதுன்னு பாத்தா முக்கால்வாசி செத்த பிரைமர்லேருந்துதான். அத வெளிய தள்ளுறப்ப கரிப்பொடி கொட்டும், அது ராமுக்கு (தட்ட மேல தூக்குற தண்டு) மேல, பிரைமர் தள்ளுற பட்டைக்கு அடியில போய் படியும், கொஞ்ச நாள்ல பட்டை முழுசா போய் நிக்காது, பிரைமர் நேரா வராம சாயும், பிரைமர் சரியா உக்காரலன்னு புலம்பி ஸ்க்ரூவ எல்லாம் திருப்பி மெஷினயே கெடுத்துருவாங்க, ஒரு பழைய பல்துலக்கி பிரஷால தட்டி விட்டாலே சரியாயிருக்கும். அந்தப் பொடியில ஈயம் இருக்கு. கம்ப்ரஸர் காத்து அடிச்சு ஊதாதீங்க, பறந்து மூக்குக்குள்ள போகும். ஈரத்துணியால ஒத்தி எடுங்க, கையில கிளவ்ஸ் போடுங்க, முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, அந்த மேசையில டீ, சிப்ஸ், சிகரெட் எதுவும் கூடாது, சின்னப் பசங்க அந்தப் பக்கமே வரக் கூடாது. டீ கப் விஷயம் இதுதான்.

எண்ணெய் போடுறதுலயும் இடம் பாத்துப் போடணும். ராம் தண்டுக்கு சாதாரண மோட்டார் ஆயில் ரெண்டு சொட்டு, ஹேண்டில் பக்கத்து பின் எல்லாத்துக்கும் கிரீஸ், ஷெல் பிளேட்டுக்கு அடியில நக அழுக்கு அளவு கிரீஸ், அவ்வளவுதான். பிரைமர் போற வழியிலயும் மருந்து போற வழியிலயும் எண்ணெய் படவே கூடாது, ஸ்ப்ரே டப்பாவ எடுத்து மெஷின் முழுக்க அடிக்கிறவங்க இருக்காங்க, எண்ணெய் ஊறின பிரைமர் வெடிக்காம போகலாம், இல்ல பலவீனமா வெடிச்சு எனக்கு வந்த அதே 'டுப்' வரும். அந்த இடங்கள காட்டன் பட்ஸ்ல ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு துடைச்சு காயவிடுங்க.

ஷெல் பிளேட்ட பிடிச்சிருக்கிற நடு போல்ட், வாரா வாரம் விரலால அசைச்சுப் பாக்கணும். தட்டு ஆடுச்சுன்னா பிரைமர் ஒண்ணுக்கொண்ணு மாறி உக்காரும். அத இறுக்கமா முறுக்கி, தட்டு சுத்துற அளவுக்கு மட்டும் கொஞ்சம் தளத்தி, பக்கத்துல இருக்கிற பூட்டு ஸ்க்ரூவ போடணும். பழைய பிரைமர தள்ளுற ஊசி உடையும், கண்டிப்பா உடையும், அதுவும் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான், ரெண்டு எக்ஸ்ட்ரா வாங்கி டிராயர்ல போட்டு வைங்க. ஊசி உடையிறதுக்கு பெரும்பாலும் காரணம் கூடுக்குள்ள சின்ன கூடு ஒண்ணு மாட்டியிருக்கும், இல்ல கல்லு இருக்கும். ரேஞ்சுல பொறுக்கின கூட்டுல .380யும் மக்காரோவும் 9 எம்.எம். மாதிரியே கலந்து கிடக்கும், போடுறதுக்கு முன்னாடி அடியில இருக்கிற எழுத்த பாத்து பிரிங்க, சலிப்பான வேலைதான், நான் ரேடியோ போட்டுக்கிட்டு பண்ணுவேன்.

கூடு சுத்தம் பண்றதப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். டம்ளர்னு சொல்ற உருட்டுற மெஷின்ல மீலி (மக்காச்சோள) கட்டைத் துருவல் போட்டு ஓட்டலாம், அது இல்லாதவங்க வெந்நியில கொஞ்சம் சிட்ரிக் ஆசிட்டும் பாத்திர சோப்பும் போட்டு அலசி வெயில்ல காயப் போடலாம், பாட்டி குத்துவிளக்க புளி போட்டு தேச்ச அதே கணக்குதான், புளிப்பு பித்தளைக் கறைய எடுக்கும். ஆனா அமோனியா கலந்த பாலிஷ் எதுவும் பித்தளைக் கூட்டுல படக் கூடாது. இதுக்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரன் பட்டாளம் இந்தியாவுல மழைக்காலத்துல தோட்டாவ குதிரை லாயத்துல அடுக்கி வச்சாங்க, மழை முடிஞ்சு எடுத்துப் பாத்தா கூடெல்லாம் தானா விரிசல் விட்டிருந்துச்சு. காரணம் என்னன்னு 1921லதான் பிடிபட்டுச்சு, குதிரை மூத்திரத்துலேருந்து கிளம்பின அமோனியா, கூட்ட இழுத்து அடிச்சு செய்யிறப்ப பித்தளைக்குள்ள தங்கிப்போன இறுக்கம், ரெண்டும் சேந்து விரிசல் விட வச்சிருக்கு. பளபளப்புக்கு ஆசைப்பட்டு நாமளே அத கராஜுல பண்ணக் கூடாது.

முடிச்சு எழுந்திரிக்கிறப்ப மருந்த பெட்டியில விட்டுட்டு போகாதீங்க. நம்ம ஊரு ஈரத்த அது இழுக்கும், சில மருந்து பிளாஸ்டிக் பெட்டியவே அரிச்சு மஞ்சளாக்கும், அதவிட மோசம், அடுத்த வாரம் வந்து இது எந்த மருந்துன்னு தெரியாம நிப்பீங்க. மேசை மேல எப்பவும் ஒரே ஒரு மருந்து டப்பாதான், பெட்டியில என்ன இருக்கோ அதோட டப்பா, முடிஞ்சதும் அதே டப்பாவுக்குள்ள கொட்டி மூடி. சந்தேகம் வந்தா அந்த மருந்து தோட்டத்துல மெல்லிசா பரத்தி விடுங்க, டப்பாவுக்குள்ள திரும்பப் போகக் கூடாது. மருந்தையும் பிரைமரையும் இரும்புப் பெட்டிக்குள்ள இறுக்கிப் பூட்டாதீங்க, தீ புடிச்சா அழுத்தம் ஏறி வெடிகுண்டாயிரும், மரப் பெட்டியில தனித்தனியா, கம்பெனி டப்பாவுலயே, சிலிக்கா பொட்டலம் போட்டு வைங்க.

மெஷின மூடி வைக்கிறதுக்கு முதல்ல நான் பிளாஸ்டிக் கவர் போட்டேன், அது உள்ள வேர்த்து துருவ ஜாஸ்தியாக்குச்சு. இப்ப அம்மாவோட பழைய காட்டன் சேலையில ஒரு பாதி, நாலா மடிச்சு மேல போட்டிருக்கேன், ஹேண்டில் நுனி மட்டும் வெளிய தெரியும். இன்னொரு பாதிய போன மாசம் அக்கா பையன் வாங்கிட்டுப் போனான், அவனோடது கையால சுத்துறதுதான்.